தானுகந்த படம்

சென்ற இதழில் மூன்று ஜெர்மன் இளைஞர்கள் கைத்தடியோடு நிற்கும் பழைய போட்டோ ஒன்றைப் போட்டிருந்தோம். தபால் கட்டு இரண்டு மடங்காகிவிட்டது. பாதிக் கடிதங்கள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. ஆகவே இந்த வாரம் சினிமா இல்லை, அரசியல் இல்லை. முழுப் பக்கமும் போட்டோதான்.

● அந்த மூன்று பேர் யார் சார்? பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறார்களே!
— ஷிப்ட் தொழிலாளி, இருங்காட்டுக்கோட்டை

கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிட்டீர்கள். பக்கத்து ஊரில் நடனம், அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆண்டு 1914. இடம், ஜெர்மனியின் மேற்கே வெஸ்டர்வால்ட் என்கிற மேட்டுநிலம். மண் பாதை, பின்னால் வெறும் வயல். மூவருக்கும் கறுப்புக் கோட்டு, தொப்பி, கைத்தடி. ஒருவர் உதட்டில் சிகரெட் தொங்குகிறது. நடந்து போகிறவர்களை யாரோ கூப்பிட்டதும் உடம்பைத் திருப்பாமல் முகத்தை மட்டும் திருப்பியதுபோல நிற்கிறார்கள்.

கூப்பிட்டவர் ஆகஸ்ட் சாண்டர். அப்போது அவருக்கு வயது 37. நின்றவர்கள் ஓட்டோ கிரீகர், ஆகஸ்ட் கிளைன், எவால்ட் கிளைன். அந்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஆகஸ்ட் கிளைன் அதில் மாண்டுபோனார். சாண்டர் படத்துக்கு வைத்த தலைப்பில் இந்தப் பெயர்கள் எதுவும் கிடையாது. ‘இளம் விவசாயிகள்’, அவ்வளவுதான். பெயர்களை உலகம் தெரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. இந்தப் பெயர் சங்கதியை இன்று நான் விடப்போவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

● அவர்கள் விவசாயிகளே அல்ல, சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் என்று படித்தேன். அப்படியானால் தலைப்பே பொய்தானே?
— வாசகர், பென்னலூர்

நீங்கள் படித்தது சரி. இரும்புத் தாதுச் சுரங்கம்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஆனால் அந்தச் சீமையில் விவசாயி, சுரங்கக்காரர் என்று இரண்டு தனி ஜாதி இல்லை. வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கும், மாடு இருக்கும், மாதச் சம்பளத்துக்குச் சுரங்கம். சாண்டரின் அப்பாவே அப்படித்தான்: சுரங்கத்தில் தச்சு வேலை, வீட்டில் சிறு சாகுபடி.

உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1998இல் முதல் சான்ட்ரோ கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியே வந்ததே, அதன் பிறகு உங்கள் தெருவிலேயே பாருங்கள். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, மத்தியானம் பி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவரைக் கணக்கெடுப்புக்காரர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்? எதை எழுதினாலும் பாதி ஆள்தான் அதில் இருப்பார். சாண்டரும் பாதியைத்தான் எழுதினார். பெயரை எழுதியிருந்தால் முழு ஆளும் கிடைத்திருப்பார் என்பது என் வருத்தம்.

● சாண்டர் பெரிய இடத்துப் பிள்ளையோ? கேமராவெல்லாம் வாங்கியிருக்கிறாரே.
— கல்லூரி மாணவி, தண்டலம்

இல்லையம்மா. 1876இல் ஹெர்டார்ஃப் என்கிற சுரங்க ஊரில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன பையன். அங்கே படம் எடுக்க வந்த ஒரு போட்டோகிராபருக்கு உதவி செய்யப் போய் அதிலேயே மனம் விழுந்துவிட்டது. மாமா கொடுத்த பணத்தில் முதல் கேமரா. பிறகு ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரில் ஸ்டுடியோ, அதன் பிறகு கொலோன். நகரத்து ஸ்டுடியோவில் வருமானம் போதவில்லை. கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெஸ்டர்வால்டுக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் குடும்பங்கள் நல்ல உடுப்பில் இருக்கும். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து எடுப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குடும்பங்கள் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படங்கள் இவை. சுவரில் மாட்டுவதற்காக அவர்கள் கேட்டார்கள், அவர் எடுத்துக் கொடுத்தார். அதே தகடுகள்தான் பின்னால் ‘இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்’ என்ற பெரும் வரிசைக்கு அஸ்திவாரம். விவசாயி, கைவினைஞர், பெண், தொழில்கள், கலைஞர், நகரம், கடைசி மனிதர்கள் என்று ஏழு பிரிவுகளாக ஒரு சமூகத்தையே அடுக்கப் பார்த்தார். அவர் காலத்தில் அது முடியவில்லை. 2002இல் ஏழு தொகுதிகளாக வந்தபோது அதில் 619 படங்கள் இருந்தன. அத்தனைக்கும் வேர், ஏதோ ஒரு வீட்டுக்காரர் கொடுத்த ஆர்டர்.

● போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லி எங்கள் பாட்டி கடைசி வரை கேமரா முன்னால் நிற்கவே இல்லை. எவ்வளவு அறியாமை!
— வாசகி, மண்ணூர்

பாட்டியை அப்படிச் சொல்லாதீர்கள். கேமராவோடு நம் ஊருக்குள் முதலில் வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று தெரிந்தால் அந்தப் பயத்தில் இருக்கிற நியாயம் புரியும். அடுத்த பதிலைப் படியுங்கள்.

● தமிழ்நாட்டுக் கிராம மக்களை முதலில் படம் எடுத்தது யார்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீபெரும்புதூர்

‘முதலில்’ என்று ஒருவரைக் கை காட்ட முடியாது ஐயா, ஆனால் பாதையைச் சொல்லலாம். உங்கள் ஊர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே வந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. அதன் மறுமுனையில், பெரியமேட்டில், இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற மருத்துவர் தொடங்கியது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அங்கே போட்டோ பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1856இல் சென்னைப் புகைப்படச் சங்கமும் வந்துவிட்டது.

அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் அவர் படங்களில் ஊர் இருக்கும், தூண் இருக்கும், ஜனம் இருக்காது.

ஜனத்தை எடுத்தவர்கள் வந்தது அதற்குப் பிறகு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். வில்லபி வாலஸ் ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி, பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் குழுக் குழுவாக எடுத்தார். அந்தப் படங்களை நான் ஒரே மூச்சில் பார்த்ததில்லை. என்னை உலுக்குவது எலும்பு மட்டுமில்லை. அவர்களை அமர்த்தியிருக்கும் விதம், கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி! பெரியவர்கள் நடுவில், பின்னால் சிலர் நின்றபடி, குழந்தைகள் முன்னால் தரையில். உட்காரவே தெம்பில்லாதவர்களை ‘போஸ்’ கொடுக்க வைத்திருக்கிறார்கள். எடுத்தவர் அவர்களுக்கு உதவவில்லை என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலேயே கண்டனம் எழுந்தது. படங்களில் ஒருவர் பெயரும் இல்லை.

அடுத்து எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்டதுதான் தமிழில் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று நாம் அறியும் நூல். ஒரு கையில் கேமரா என்றால் மறுகையில் மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீள அகலத்தையும் எடுக்கும் இடுக்கி. பாட்டிகள் ஏன் ஓடினார்கள் என்று இப்போது சொல்லுங்கள்.

● தர்ஸ்டனும் மக்களை வகை பிரித்தார், சாண்டரும் வகை பிரித்தார். ஒருவரைத் திட்டி மற்றவரைக் கொண்டாடுவது என்ன நியாயம்?
— பொறியாளர், ஒரகடம்

நெற்றியடிக் கேள்வி. இதற்குப் பதில் தேடி நான் உங்கள் பக்கத்து ஊர்க் கோயிலுக்குத்தான் போகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் அவருடைய திருமேனிக்கு ‘தானுகந்த திருமேனி’ என்று பெயர். அவர் வாழ்ந்த காலத்திலேயே வடித்து, அவரே பார்த்து மகிழ்ந்து தழுவிக்கொண்டது என்பது மரபு. மேல்கோட்டையில் இருப்பது ‘தமர் உகந்த திருமேனி’, அவரைச் சேர்ந்தவர்கள் விரும்பி வைத்துக்கொண்டது. திருவரங்கத்தில் இருப்பது ‘தானான திருமேனி’, அவரே அதுவாக ஆனது. ஒரு மனிதரின் உருவத்தைப் பற்றி இதைவிட நுட்பமாக வேறெங்கும் வகுத்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்த மூன்று சொல்லும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: இந்த உருவத்தை உகந்தது யார்?

அதை வைத்து அளந்து பாருங்கள். சாண்டர் எடுத்த வெஸ்டர்வால்ட் கிழவி ஒருத்தி கறுப்பு உடுப்பில், மடியில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு, தானே தேர்ந்துகொண்ட தோரணையில் உட்கார்ந்தாள். படத்தின் பிரதி ஒன்று அவள் வீட்டுச் சுவருக்குப் போயிற்று. அது தானுகந்தது, தமரும் உகந்தது. தர்ஸ்டன் எடுத்தவர்களின் வீட்டுக்கு எந்தப் பிரதி போயிற்று? பக்கவாட்டில் திரும்பு, நேரே பார் என்ற கட்டளைக்கு நின்ற படத்தை யார் உகந்து மாட்டுவார்கள்?

இதில் ஜெர்மன், ஆங்கிலேயர் என்கிற பேதமும் இல்லை. சாண்டர் வேலை செய்த அதே 1920-களில், எகோன் ஃபான் ஐக்ஸ்டெட் என்கிற ஜெர்மன் மானிடவியலாளர் இந்தியா வந்து ஊர் ஊராக முகங்களைப் படம் எடுத்தார். இனத்தைப் பிரித்துக் காட்டுவதற்கான படங்கள். பின்னாளில் நாஜி ஆட்சியில் இன ஆராய்ச்சியின் பெரிய புள்ளி அவர். ஒரே நாடு, ஒரே காலம், ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேமரா. கேமராவுக்கு முன்னால் இருந்தவருக்குக் கிடைத்த மரியாதைதான் வேறு.

சாண்டரிடம் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்காதீர்கள். வகைக்குள் அடைத்தார், பெயரை விட்டார். ஆனால் தன் ஆட்களைப் படத்தில் சின்னவர்களாக்கவில்லை.

● பழைய படங்களில் யாருமே சிரிப்பதில்லை. அவ்வளவு கஷ்டமா?
— வாசகர், குன்றத்தூர்

கண்ணாடித் தகட்டில் வெளிச்சம் பதியச் சில விநாடிகள் பிடிக்கும். அத்தனை நேரம் ஒரே சிரிப்பைப் பிடித்து வைத்திருந்து பாருங்கள், கடைசியில் பல் வலிக்காரர் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். நாற்பது வருஷம் சுவரில் தொங்கப்போகிற முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொள்ளத்தானே தோன்றும்?

● எங்கள் தாத்தா கோட்டும் டையும் போட்ட படம் வீட்டில் இருக்கிறது. அவர் நாள் முழுக்க ஏர் ஓட்டியவர், கோட்டு வாங்கியதே இல்லை. அது பொய்ப் படம்தானே?
— வாசகர், சுங்குவார்சத்திரம்

கோட்டு ஸ்டுடியோவுடையது. படம் தாத்தாவுடையது!

நம் ஊர் ஸ்டுடியோக்களின் உள்ளறை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ரசம் போன கண்ணாடி, அதன் ஓரத்தில் சணலில் கட்டிய சீப்பு, குட்டிக்கூரா டப்பா, ஆணியில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. ஊரில் பாதி ஆண்கள் போட்டுக் கழற்றிய கோட்டு அது. ஒல்லியானவருக்கு முதுகுப் பக்கம் கிளிப்பு போட்டு இழுப்பார்கள், பருமனானவருக்குப் பொத்தான் போடாமல் விடுவார்கள். அப்புறம் திரைச்சீலை. மாளிகைப் படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், ஏரி, நிலா. சின்ன மேஜையில் பூஜாடி, ஒயர் இல்லாத டெலிபோன், பாடாத ரேடியோ. கைக்கடிகாரம் கட்டியிருந்தால் அந்தக் கை மட்டும் தெரிகிற மாதிரி முன்னால் வரும்.

அந்த மூன்று ஜெர்மன் இளைஞர்களின் கோட்டைப் பற்றி ஜான் பெர்ஜர் என்கிற எழுத்தாளர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறவர்களுக்காகத் தைத்த உடுப்பு, உழைக்கிற உடம்பின் மேல் எப்படிக் கோணிக்கொண்டு நிற்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. கோணிக்கொண்டு நிற்பது உண்மை. ஆனால் அந்தக் கோட்டை அவர்கள் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்பதும் உண்மைதானே? உங்கள் தாத்தாவும் அந்தக் காலை அரை நாள் வேலையை விட்டு, வெள்ளை வேட்டி கட்டி, பஸ் ஏறிப் போய்க் காசு கொடுத்து அந்தக் கோட்டுக்குள் நின்றார். ‘என்னை இப்படிப் பாருங்கள்’ என்று பேரப்பிள்ளைகளிடம் அவர் வைத்த விண்ணப்பம் அது. தாத்தாவின் கைகளை உற்றுப் பாருங்கள். கோட்டுக் கையிலிருந்து வெளியே வருகிற விரல்களில் ஏர் ஓட்டியது அப்படியே இருக்கும். டச்சிங் பென்சில் முகத்தோடு நின்றுவிடும், விரலுக்குப் போகாது.

● செத்துப்போன பெரியப்பாவை பெரியம்மா பக்கத்தில் சேர்த்து ஒட்டிய படம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. இதையெல்லாம் ஆவணம் என்று சொல்ல முடியுமா?
— வாசகி, வாலாஜாபாத்

முடியும் அம்மா. கணவரோடு படம் எடுத்துக்கொள்ள ஒருமுறைகூட வாய்க்காத பெண்கள் எத்தனையோ பேர். அவர் போன பிறகு ஏதோ ஒரு குரூப் போட்டோவிலிருந்து முகத்தைப் பெரிதாக்கி, வெட்டி, ஒட்டி, மேலே வண்ணம் தீற்றிச் சேர்த்துக் கொடுத்தார்கள் ஸ்டுடியோக்காரர்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து எடுத்து, மூடிய இமை மேல் கண்ணை வரைந்த படங்களும் உண்டு. நடந்ததைக் காட்டவில்லைதான். நடந்திருக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் எதை விரும்பியது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. தமர் உகந்த படம் என்றால் அதுதான்.

● கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிற படமெல்லாம் ஒரு போட்டோவா? எனக்கு என் முகமே பிடிக்கவில்லை.
— ஒப்பந்தத் தொழிலாளி, வல்லம்

தம்பி, அட்டைப் படத்தை அவ்வளவு லேசாக நினைக்காதே. சாண்டர் கதையின் மிச்சத்தைக் கேள்.

1929இல் அவர் 60 படங்களோடு ‘காலத்தின் முகம்’ என்று ஒரு புத்தகம் போட்டார். நாஜிகள் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே வார்ப்பில் ஊற்றிய அழகான ஜெர்மன் முகம். சாண்டரிடம் இருந்ததோ வேலையில்லாதவன், சர்க்கஸ்காரர், பார்வையற்ற குழந்தைகள், செங்கல் சுமப்பவன். 1936இல் புத்தகத்தின் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். மகன் எரிக், நாஜிகளை எதிர்த்த இடதுசாரி. 1934இல் பிடித்துப் பத்தாண்டு தண்டனை கொடுத்தார்கள். தண்டனை முடிகிற சமயத்தில், 1944இல், சிறையிலேயே இறந்தார். அதே ஆண்டு குண்டுவீச்சில் கொலோன் வீடு போயிற்று. முக்கியமான தகடுகளை முன்கூட்டியே கிராமத்துக்கு மாற்றியிருந்தார் சாண்டர். ஆனால் கொலோன் நிலவறையில் இருந்த சுமார் 30,000 நெகட்டிவ்கள் போர் முடிந்த பிறகு, 1946இல், தீப்பிடித்து எரிந்தன.

இப்போது உன் அட்டை விஷயம். 1938 வாக்கில் கொலோன் நகரத்து யூதர்கள் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அரசாங்கம் கட்டாயமாக்கிய அடையாளத் தாள்களுக்குப் படம் வேண்டும். சாண்டர் மற்றவர்களை எடுத்த அதே நிதானத்தோடு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தார். போருக்குப் பிறகு அந்தப் படங்களைத் தன் பெரும் வரிசையில் ‘துன்புறுத்தப்பட்டவர்கள்’ என்று சேர்த்தார். எரிக் உள்ளிட்ட அரசியல் கைதிகளின் படங்களும் அந்த வரிசையில் உண்டு, எரிக்கின் இறந்த முகத்தின் வார்ப்பும் உண்டு. அடையாள அட்டைக்காக எடுத்த படம், அந்த மனிதர் இங்கே இருந்தார் என்பதற்குக் கடைசிச் சாட்சியாக நின்றது.

அடுத்த தடவை அட்டைக்குப் படம் எடுக்கும்போது, தலையை வாரிக்கொள், நிமிர்ந்து உட்கார்.

● ஸ்ரீபெரும்புதூர் என்றாலே வெளியூர்க்காரர்கள் ராஜீவ் காந்தியைத்தான் சொல்கிறார்கள். போட்டோவோடு அதற்கு ஏதும் தொடர்பு உண்டா?
— வாசகர், மாம்பாக்கம்

உண்டு. 1991 மே 21 இரவு வெடிகுண்டில் இறந்தவர்களுக்கு நடுவே ஒரு கேமரா கெடாமல் கிடந்தது. அதில் பதிவாகியிருந்த 10 படங்கள்தான் புலனாய்வுக்கு முதல் நூல் முனை. இதற்கு மேல் அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேச மனம் இல்லை.

● நம்முடைய பழைய ஸ்டுடியோ படங்களை யாராவது சேர்த்து வைக்கிறார்களா?
— நூலகர், பூந்தமல்லி

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சில ஆண்டுகளாக நடந்துவரும் பணி எனக்குப் பெரிய ஆறுதல். சோயே ஹெட்லி என்கிற மானிடவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டு ஊர் ஊராகப் போய்ப் பழைய ஸ்டுடியோக்களையும் வீடுகளையும் தட்டி, 1880-களிலிருந்து 1980-கள் வரையிலான படங்களையும் தகடுகளையும் டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிந்துவரும் ஆவணங்கள்’ திட்டம் இதற்குக் கை கொடுத்தது. தர்ஸ்டன் கேமராவோடு போனதும் கிராமத்துக்குத்தான், இவர்கள் போனதும் கிராமத்துக்குத்தான். ஆனால் இவர்கள் கேட்பது, ‘உங்கள் படத்தை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?’ என்று. இந்த ஒரு கேள்வி மாறுவதற்கு நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

● அப்பா காலத்து ஸ்டுடியோவைக் காலி செய்கிறேன். மூன்று மூட்டை நெகட்டிவ், ஒரு பெட்டி கண்ணாடித் தகடு. பழைய பேப்பர் கடைக்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— ஸ்டுடியோ உரிமையாளர், படப்பை

வேண்டாம் அண்ணா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிலிமைக் கரைத்தால் வெள்ளி கிடைக்கும், தகட்டைக் கழுவினால் கண்ணாடி கிடைக்கும். இப்படித்தான் ஊர் ஊராக முகங்கள் கரைந்து போயின.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள், பளு தாங்காமல் அடியில் இருப்பது விரியும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு நிற்க வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மங்கலாகத் தெரிகிற பக்கம்தான் படம் இருக்கிற பக்கம், அதன் மேல் விரலோ ஈரத்துணியோ படக்கூடாது. அப்பாவின் பில் புத்தகமும் ரிஜிஸ்தரும் இருந்தால் அவற்றைத் தகடுகளோடேயே வையுங்கள். எண், தேதி, பெயர் மூன்றும் அதில்தான் இருக்கும். தகடு முகத்தைக் காப்பாற்றும், ரிஜிஸ்தர் ஆளைக் காப்பாற்றும்.

● என் போனில் 4,000 படம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் ஒன்றுகூட இல்லை. இது நல்லதா கெட்டதா?
— விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண், வல்லம் வடகால்

நாலாயிரத்தில் அம்மாவும் நீங்களும் சேர்ந்து நிற்பது எத்தனை? எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

உங்கள் ஊரில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு ஊரில் ஒரு வீடு, ஒரு சுவர். கேமரா வைத்த போன்களை இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நீங்கள்தான் கோர்த்து உலகத்துக்கு அனுப்புகிறீர்கள். உள்ளே போகும்போது உங்கள் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள், அல்லது கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். ஆக, வேலை செய்கிற உங்களுடைய படம் உங்களிடமே இல்லை. சாண்டர் 1928இல் ஒரு மிட்டாய்க் கடைச் சமையல்காரரைப் பாத்திரமும் கரண்டியுமாக எடுத்தார், செங்கல் சுமப்பவரைச் செங்கல்லோடு எடுத்தார். நூறு வருஷம் ஆகப்போகிறது, அந்தச் சமையல்காரர் இன்னும் நம்மைப் பார்த்தபடி நிற்கிறார். உங்களைச் சீருடையில், தலைக் குல்லாயோடு, விடுதி வாசலில் நிற்க வைத்துத் தோழி ஒருத்தியை எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு படம். பிரிண்ட் போட்டு ஊருக்கு அனுப்புங்கள்.

● சாண்டர் இன்று இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தால் யாரை எடுப்பார்?
— டீக்கடைக்காரர், இருங்காட்டுக்கோட்டை

முதலில் உங்களைத்தான் எடுப்பார். பிறகு விடியற்காலை ஐந்தரைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள், சிப்காட் வாசல் செக்யூரிட்டிப் பெரியவர், ஒடிசாவிலிருந்து வந்து வெல்டிங் பிடிக்கிற பையன், வாடகைக்கு வரிசை வீடு கட்டி விட்டிருக்கிற முன்னாள் விவசாயி, அவருக்குப் பின்னால் இன்னும் விற்காமல் வைத்திருக்கிற ஒரு துண்டு நிலம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற அம்மாவையும் விடமாட்டார்.

சாண்டர் ஒரு காலத்தில் தன் பழைய விவசாயிப் படங்களை, இயந்திரங்களைப் படம் பிடிக்க வைத்திருந்த பளபளப்புத் தாளில் போட்டுப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர்கள் தொடாத தாள் அது, ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். பார்த்ததும் இதுதான் என் வழி என்று முடிவு செய்துவிட்டார். உங்கள் ஊரில் கார் கதவுக்குக் கிடைக்கிற துல்லியம் அந்த ஏரிக்கரை அம்மாவின் முகத்துக்கும் கிடைக்க வேண்டும்.

அவர் வரமாட்டார். 1964இலேயே காலமாகிவிட்டார். உங்கள் கடைக்கு எதிரே ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தால் அவரை ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

● நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது பழைய வீட்டை விட்டு வந்தோம். டிரங்குப் பெட்டியில் கிடைத்த குரூப் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். ஒருவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?
— வாசகர், காட்டரம்பாக்கம்

படம் என் மேஜையில் இருக்கிறது. லேமினேஷன் போடாமல் விட்டதற்கு முதலில் நன்றி. போட்டிருந்தால் பின்பக்கத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

ஏழு பேர். பெஞ்சில் இருவர், பின்னால் மூவர், கீழே பாயில் இரண்டு குழந்தைகள். இடது ஓரத்துக் குழந்தையின் கால் மட்டும் புகை மாதிரி கலைந்திருக்கிறது, ஆட்டிவிட்டது. திரையில் மாளிகைத் தூண், அதன் விளிம்பு முடிகிற இடத்தில் ஸ்டுடியோவின் உண்மையான செங்கல் சுவர் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது. பின்பக்கம் ரப்பர் முத்திரை பாதி அழிந்து ‘...சிபுரம்’ என்று நிற்கிறது. அப்படியானால் காஞ்சிபுரம். அதே தூண் திரை வேறு யார் வீட்டுப் படத்தில் இருந்தாலும் ஸ்டுடியோ எதுவென்று பிடித்துவிடலாம், ஸ்டுடியோவைப் பிடித்தால் ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். தெரிந்த ஆறு பேரின் உறவையும் இன்றே மெல்லிய பென்சிலால் பின்பக்கம் ஓரத்தில் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் முகத்தில் வரி விழும். உங்கள் சொந்தத்தில் எண்பது தாண்டியவர் யார் இருந்தாலும், இந்த ஞாயிற்றுக்கிழமையே படத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் அனுமதியோடு படத்தைக் கீழே அச்சிடுகிறேன். காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வாசகர்கள் தயவுசெய்து ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள்.

பெஞ்சில்: தாத்தா, பாட்டி. பாயில்: அப்பா, பெரிய அத்தை. பின் வரிசையில் இடமிருந்து வலம்: பெரியப்பா, சின்னத் தாத்தா, பாட்டியின் தோளில் கை வைத்திருக்கும் இளம்பெண், இரட்டை மூக்குத்தி, வலது புருவத்துக்கு மேல் தழும்பு, பெயர்: